பத்தாம் பிரசங்கம்

இலக்கியத்தை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் புலவர் போற்றும் நூல்களையே கைக்கொள்வர். எழுத்தறியாதாரின் செவியிலும் கண்ணீரிலும் வாழ்ந்துவரும் நூல்களை அவர்கள் ஏறெடுத்தும் பாரார். கத்தோலிக்கத் தமிழரிடையே அத்தகைய நூல் ஒன்று உண்டு. வியாகுலப் பிரசங்கம் என்பது அதன் பெயர். வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியைத் தமிழ் கற்றோர் அறிவர். ஆயினும் அதன் 3,615 பாடல்களுள் ஒன்றையேனும் பொருளுணர்ந்து சொல்லவல்ல தொழிலாளி ஒருவரைக் காண்பது அரிது. வியாகுலப் பிரசங்கத்தின் நிலையோ இதற்கு மாறானது. புலவர் அவையில் அதற்கு ஆசனம் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமையிலே மீனவரையும் உழவரையும் கூலிகளையும் தலைமுறை தலைமுறையாக அழவைத்த பெருமை அதற்கு உண்டு. இவ்வாறு அழவைத்த நூலின் நிறையும் குறையும் யாவை என அளந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சீர்திருத்தம் பேசும் ஏட்டிலே கத்தோலிக்கரின் நோன்பு நூலுக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவலாம். நம் தோட்டங்களிலே முனியாண்டிக்குப் பொங்கலிட்டவரும், தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தவரும், சிலுவைப் பாதை நடந்தவரும் ஒரே லயத்தில் அண்டை அயலாராய் வாழ்ந்தவர்கள். ஒருவர் நோன்பை மற்றவர் அடுப்பு அறியும். காவடியைக் குறித்துத் துணிந்து எழுதிய நம்மவர் சிலுவைப் பாதையைக் குறித்து வாய்மூடியிருப்பது நடுவுநிலைமை ஆகாது. பழிப்பது நம் எண்ணமன்று; ஒரே துலாக்கோலில் இட்டு நிறுப்பதே எண்ணம்.

கோலசிலாங்கூரிலிருந்து, முன்னாளில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா வழியாக, ரவாங், சிரண்டா, பத்தாங் காலி, உலு யாம் வரையிலும் பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் தமிழரையும், தோட்டம் விட்டுப் பட்டணம் சேர்ந்த அவர்தம் மக்களையும் கருத்தில் வைத்தே இதனை எழுதுகின்றோம். உலு யாமிலிருந்து மலைப்பாதையிலே இறங்கினால் பத்து மலை. காவடியும் சிலுவையும் அத்துணை அண்மையில் உள்ள நாட்டிலே, நோன்பு என்பது யார்க்கு, எதற்கு என்ற வினா இரு சாராருக்கும் பொதுவானதே.

நூல் பிறந்த கதை

இந்நூலை இயற்றியவர் ஜாகோமே கொன்சால்வெஸ் சுவாமியார். கோவா நாட்டின் திவார் என்னும் தீவிலே 1676-இல் பிறந்தவர். தமிழும் சிங்களமும் அவர்க்குத் தாய்மொழிகள் அல்ல. கொங்கணி பேசும் நாட்டிலிருந்து 1705-இல் இலங்கைக்கு வந்து, இரு மொழிகளையும் கற்று, இரண்டிலும் நூல்கள் செய்தார். 1742-இல் அத்தீவிலேயே போலவத்தை என்னும் ஊரில் காலமானார். கிறிஸ்துநாதரின் பாடுகளை ஒன்பது பிரசங்கங்களாக வகுத்துப் புலம்பல் நடையிலே சொல்வது அவருடைய வியாகுலப் பிரசங்கம்.

அக்காலத்தின் நிலையை மனத்திற் கொள்ளல் வேண்டும். 1658 முதல் இலங்கையின் கரையோரப் பகுதிகள் டச்சுக்காரர் கையில் இருந்தன. அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை உள்ளே விடாது தடுத்தனர். 1687-இல் மாறுவேடம் பூண்டு அத்தீவை அடைந்தவர் யோசேப் வாஸ் அடிகள். அவர் கண்டி அரசனால் முதலிற் சிறைவைக்கப்பட்டு, பின்னர் அவனது ஆதரவையே பெற்று, 1711 வரை தொண்டாற்றினார். போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14-இல் கொழும்பு நகரிலே அவரைப் புனிதர் எனப் பறைசாற்றினார். அவ்வடிகள் தொடங்கிய பணியிலே வந்து சேர்ந்தவரே நம் ஆசிரியர். ஊருக்குக் குரு வருவது அரிதாயிருந்த காலத்தில், எழுத்தறிந்த ஒருவர் படிக்க ஊரார் கூடியிருந்து கேட்டு வழிபடத்தக்க ஒரு நூலின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இந்நிலை நம் தோட்டத்து நிலைக்கு மிக அணித்தானது. ரப்பர்த் தோட்டங்களிலே கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. பங்குக் கோயில் பட்டணத்தில் இருந்தது. சுவாமியார் தோட்டத்துக்கு எழுந்தருளுவது எப்போதோ ஒரு ஞாயிறு. மற்ற நாளெல்லாம் உபதேசியாரோ, செபம் மனப்பாடமாய் அறிந்த ஒரு முதியவரோதாம் அவர்களுக்குத் திருச்சபை. அச்சுவாமியார் வந்து நிகழ்த்திய பூசையும் இலத்தீனில் நடந்தது. வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வழிபாட்டைப் பற்றிய சாசனத்தை வெளியிட்டுத் தாய்மொழிகளுக்கு வழி திறந்த பின்னரே பீடத்தில் தமிழ் ஏறியது. அதுவரை பீடத்தில் இலத்தீன். பீடத்துக்குப் புறத்தே தமிழ். செபமாலை, சிலுவைப் பாதை, புலம்பல், பாஸ்கா நாடகம் ஆகிய இவையே தொழிலாளி தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளத்தக்க சமயச் செல்வமாய் இருந்தன. ஆதலின் இவற்றை வெறும் மூட வழக்கம் என்று தள்ளிவிடுவோர், ஏழை மக்கள் தம் மொழியிலே கடவுளோடு பேசிய ஒரே இடத்தையும் தள்ளிவிடுகின்றனர் என்பதை உணர்வாராக.

நூலின் மாண்பு

இனி, நூலின் சிறப்பைக் காண்போம். முதற் சிறப்பு, அது நின்ற மொழிநிலம். தமிழ்க் கத்தோலிக்கரின் தபசுகாலச் சொற்களையே எடுத்துக்கொள்வோம். நெற்றியிலே சாம்பல் இடும் நாளை முன்னோர் விபூதிப் புதன் என்றனர். இந்நாளில் அது திருநீற்றுப் புதன். ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்புக்கு ஒருசந்தி என்று பெயர். புலால் நீக்கிய உணவுக்குச் சுத்தபோசனம் என்று பெயர். சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்துச் செய்த சாம்பலை நெற்றியில் ஏற்கும் தமிழனுக்கு, அதனை விபூதி என்று சொல்லிய மாத்திரத்திலே அதன் பொருள் பாதி விளங்கிவிட்டது. புதிய சமயம் பழைய வீட்டின் சட்டிபானைகளை எடுத்தே சமைத்தது. அச்சமையலைத் தமிழர் உண்டு செரித்தனர்.

இரண்டாம் சிறப்பு, ஒப்பாரியின் துணை. ஒப்பாரி நம் பெண்மக்களின் கலை. பள்ளிக்கூடம் காணாத தாய் ஒருத்தி, இறந்த மகனின் தலைமாட்டிலே அமர்ந்து, அக்கணத்திலே கட்டிப் பாடும் பாட்டுக்கு யாப்பிலக்கணம் சொல்லித்தந்தவர் எவருமில்லை. அந்தக் குரலைக் கிறிஸ்துவின் பாடுகளோடு இணைத்தார் கொன்சால்வெஸ் சுவாமியார். வியாகுலம், பிரசங்கம் ஆகிய இரு சொற்களும் வடமொழியே. தனித்தமிழ் அன்பர் முகம் சுளிப்பர். சொல் வடக்கிலிருந்து வந்ததாயினும் குரல் தெற்கத்தியது. எருசலேமில் நிகழ்ந்த ஒரு கொலை, அக்குரல் வழியே, தன் தெருக்கோடியிலே நிகழ்ந்த சாவாகத் தமிழனுக்குத் தோன்றியது. தொலைவில் உள்ளதை அண்மையாக்கிக் காட்டுவதே இலக்கியத்தின் தொழில் எனின், இந்நூல் தன் தொழிலைச் செவ்வனே செய்தது.

இத்தகைய கண்ணீர் இலக்கியம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் பவேரியா நாட்டில் ஓபராமெர்காவ் என்னும் சிற்றூரார், கொள்ளைநோய்க்கு அஞ்சிச் செய்த நேர்ச்சையின்படி 1634 முதல் கிறிஸ்துவின் பாடுகளை நாடகமாக நடித்து வருகின்றனர். பத்தாண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம். 2020-இல் நடித்திருக்க வேண்டியது நோய்ப் பரவலால் தள்ளிப்போய் 2022-இல் நடந்தது. யாழ்ப்பாணத்திலே மரியசேவியர் அடிகள் 1965-இல் திருமறைக் கலாமன்றத்தை நிறுவிப் பாடுகளின் நாடகங்களைத் தமிழ்க் கலைமரபோடு பொருத்தி அரங்கேற்றினார். எனவே, அழுது வழிபடுதல் அறியாமையின் அடையாளம் என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிட முடியாது.

நூலின் குறை

நிற்க. மாண்பு கூறியதோடு நிறுத்திக்கொண்டால் அது முகமன் ஆகுமேயன்றித் திறனாய்வு ஆகாது. இவ்வகை இலக்கியத்தில் மூன்று குறைகளைக் காண்கின்றோம்.

முதற் குறை, பழியை யார் தலையிற் சுமத்துவது என்பதில் நேர்ந்தது. சிலுவை உரோமை அரசின் தண்டனைக் கருவி. தீர்ப்பளித்தவன் உரோமை ஆளுநனாகிய பிலாத்து. அறைந்தவர் அவன் படைஞர். எனினும் எம்மொழியிலும் பழைய பாடுகளின் இலக்கியம் பிலாத்துவைக் கை கழுவவிட்டு, யூத இனம் முழுவதையும் கொலைகாரராகக் காட்டுவதே பெருவழக்காயிருந்தது. இதன் விளைவை ஐரோப்பிய வரலாறு இரத்தத்தால் எழுதிவைத்திருக்கிறது. திருச்சபையே பின்னர் இதனைத் திருத்திக்கொண்டது. பெரிய வெள்ளி மன்றாட்டிலே யூதரை இழித்துக் கூறிய சொல்லைப் போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் அருளப்பர் 1959-இல் நீக்கினார். கிறிஸ்துவின் சாவுக்கு யூத மக்கள் அனைவர் மீதும் பழி சுமத்தலாகாது என 1965 அக்டோபர் 28-இல் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது. ஓபராமெர்காவ் நாடகத்தின் உரையும் திருத்தப்பெற்றது. தமிழில் வழங்கும் பழைய புலம்பல்களையும் இக்கண்கொண்டு பார்த்துத் திருத்துதல் கடமை. யூதன் ஒருவனையும் கண்ணாற் கண்டிராத நம் தொழிலாளிக்கு, அவனை வெறுக்கும் பாடம் எதற்கு? கை கழுவும் அதிகாரியையோ அவன் நன்கறிவான். அந்தப் பாடத்தை அவனுக்கு மறைப்பானேன்?

இரண்டாம் குறை, எஞ்சிய பழியைக் கேட்போனின் தனிப்பட்ட நெஞ்சிலே மட்டும் இறக்கிவைப்பது. உன் பாவமே ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தது என்று புலம்பல் சொல்லும்போது, கூலிக்காரன் மார்பில் அறைந்துகொள்கிறான். அவனுக்கு நினைவுக்கு வருவன கள்ளுக்கடையும், மனைவியை அடித்ததும், ஞாயிறு பூசை தவறியதும். இவை பாவமே, மறுப்பாரில்லை. ஆனால் அந்தக் கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளே வைத்தது யார் பாவம்? எடையிற் குறைத்துக் கூலியிற் பிடித்த பாவம் எந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லப்பட்டது? தபசுகாலத் தவம் உள்ளத்தோடும் தனி ஆளோடும் நின்றுவிடாமல் புறத்திலும் சமுதாயத்திலும் விளங்க வேண்டும் என்று மேற்கூறிய 1963-ஆம் ஆண்டுச் சாசனத்தின் 110-ஆம் பிரிவே பணிக்கின்றது. சாசனம் பணித்து அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் புலம்பலின் பழைய திசை மாறவில்லையெனின், குறை நூலினுடையது மட்டுமன்று. அதனைப் படிப்பிப்போருடையதும் ஆகும்.

மூன்றாம் குறை நுட்பமானது. ஒப்பாரி பெண்ணின் கலை என்றோம். அந்தக் கலையிலே அழுகை மட்டும் இல்லை, வழக்கும் உண்டு. ஒப்பாரி பாடும் பெண் கொண்டவன் வீட்டாரைக் கேட்பாள்; கொடுக்காத சீரைச் சொல்லுவாள்; தெய்வத்தையும் நிறுத்தி வைத்து நியாயம் வினவுவாள். நம் தோட்டத்துப் பெண்கள் பாடிய நாட்டுப் பாடல்களிலே கங்காணியும் துரையும் அகப்பட்டுக்கொண்ட கதையை அறியாதார் யார்? இக்கலை கோயிலுக்குள் நுழைந்தபோது புத்தகம் பெரும்பாலும் ஆண் கைக்குப் போயிற்று. எழுதியவர் குரு, படிப்பவர் உபதேசியார் அல்லது அண்ணாவியார், தாய்க்குரலைத் தாங்கி நிற்பவர் ஆடவர். பெண்ணுக்கு விடப்பட்டது கண்ணீர் மட்டும். அழுகையை எடுத்துக்கொண்டு வழக்கை வாசலிலேயே நிறுத்திவிட்டனர். இஃது ஒப்பாரிக்குச் செய்த பெரும் நட்டம்.

எட்டாம் ஸ்தலம்

இக்குறைகளுக்கு மருந்து வெளியிலிருந்து கொணர வேண்டுவதில்லை. தபசுகாலந்தோறும் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சிலுவைப் பாதையிலேயே அது இருக்கின்றது. அப்பாதையின் ஸ்தலங்கள் பதினான்கு என 1731-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமெந்து வரையறுத்தார். அவற்றுள் மூன்றை மட்டும் நம் வாசகர் உற்று நோக்குக.

ஐந்தாம் ஸ்தலத்தில் வருபவன் சீரேனே ஊரினனான சீமோன். வயற்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த அவனைப் படைஞர் மறித்துச் சிலுவையைச் சுமக்கச் செய்தனர் என்று சுவிசேஷம் கூறும். அவன் சீடனல்லன், விரும்பி வந்தவனல்லன். வேலை முடித்து வழியே போனவன் தோளிலே அதிகாரம் ஒரு சுமையை ஏற்றிற்று. ஒப்பந்தக் கூலியாகவும் கங்காணி ஆளாகவும் கப்பலேறியவரின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த மனிதனை அறிமுகம் செய்துவைக்க வேண்டுமோ? இருந்தும், சீமோனைப் பொறுமைக்கு உதாரணமாகக் காட்டும் செபங்களே மிகுதி. அவன் கட்டாயப்படுத்தப்பட்டான் என்ற சொல்லிலே நின்று நிதானிக்கும் உரை அரிது.

ஆறாம் ஸ்தலத்தின் வெரோணிக்காள் நான்கு சுவிசேஷங்களிலும் இல்லாதவள். மக்களின் கற்பனையே அவளைப் படைத்தது. இரத்தம் வடியும் முகத்தை யாராவது ஒருத்தி துடைத்திருக்கமாட்டாளா என்று ஏங்கிய ஏழை நெஞ்சம், ஒரு பெண்ணையும் ஒரு துணியையும் தானே சேர்த்துக்கொண்டது. இலக்கியம் என்பது இதுவே. அழுகை போதாது, ஒரு செயல் வேண்டும் என்று மக்கள் தாமே தீர்ப்பளித்த இடம் அது.

எட்டாம் ஸ்தலமே இக்கட்டுரையின் உயிர். எருசலேம் மகளிர் அழுதுகொண்டு பின்தொடர்கின்றனர். இயேசுநாதர் திரும்பிப் பார்த்து, தமக்காக அழவேண்டாம் எனவும், தங்களுக்காகவும் தங்கள் மக்களுக்காகவும் அழுமாறும் கூறுகின்றார். கண்ணீர் இலக்கியம் அனைத்தையும் அளப்பதற்கு இதனினும் நேரிய அளவுகோல் உண்டோ? யாருக்காகப் புலம்பல் பாடப்படுகிறதோ அவரே, இக்கண்ணீரை உங்கள் பிள்ளைகள் பக்கம் திருப்புங்கள் என்கிறார். ஒன்பது பிரசங்கங்களும் கேட்டு அழுதவர் அதன்பின் தம் பிள்ளைகளின் நிலையை ஏறிட்டுப் பாராராயின், அவர் எட்டாம் ஸ்தலத்தைக் கடக்கவில்லை.

இந்த நாட்டிலே அந்த ஸ்தலத்துக்கு ஊர்ப் பெயர்களும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு மட்டுமன்று அவர்கள் கேட்டது. பெண்களிடம் முறைகேடாய் நடத்தலாகாது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமார் முன்னே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு மாண்டனர். அவசரகாலத்தின் தொடக்கத்திலே, உலு யாமுக்கு அணித்தான பத்தாங் காலியில், 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற சீன ஆடவர் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். பெண்களையும் பிள்ளைகளையும் பிரித்து லாரியில் ஏற்றிய பின்பே அக்கொலை நடந்தது. அவ்வுறவினர் தொடுத்த வழக்கிலே, புதிய விசாரணை நடத்த அரசு கடமைப்பட்டதன்று என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்புக் கூறியது. அந்த லாரியில் இருந்த பெண்கள் எம்மொழியில் அழுதால் என்ன? எருசலேம் மகளிரைச் சொரூபமாகக் கண்டு கண்ணீர் விடும் உலு யாம் வட்டாரத்துத் தமிழர்க்கு, இம்மகளிர் அண்டை வீட்டார் அல்லரோ? கண்ணீருக்குச் சாதியும் மொழியும் உண்டெனின் அது கண்ணீரன்று, வழக்கம்.

ஒருசந்தியும் ஒருவேளைச் சோறும்

இனி, நோன்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தபசுகாலத்தில் ஞாயிறு நீங்கலான எல்லா நாளும் ஒருசந்தி என்பது முன்னாளின் பொதுச்சட்டம். நாட்டுக்கு நாடு விலக்குகளும் இருந்தன. 1966 பிப்ரவரி 17-இல் போப்பாண்டவர் ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட சாசனத்தால், கட்டாய ஒருசந்தி திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் சுருங்கிற்று. இப்போதைய சட்டப்படி பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் வயது தொடங்கும் வரையில் உள்ளவர் அவ்விரு நாளும் ஒருசந்தி காக்க வேண்டும். பதினான்கு வயது நிறைந்தவர் புலால் விலக்க வேண்டும்.

அச்சாசனத்திலே பலரும் கவனியாத ஒரு கருத்து உண்டு. செல்வம் கொழிக்கும் நாட்டார் தன்னொடுக்கத்துக்குச் சான்று பகர வேண்டும்; வறிய நாட்டாரோ சமூக நீதியை வளர்க்க எவ்வகையிலும் முயன்றுகொண்டே தம் துன்பத்தைச் செபத்திலே இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கலாம் என்பது அதன் பொருள். பசித்தவனுக்குப் பட்டினியை உபதேசிப்பது பொருந்தாது என்பதை உரோமாபுரியே ஒப்புக்கொண்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெறும் கோப்பியோடு பால்மரம் வெட்டப் போன பெண்ணுக்கு ஆண்டு முழுவதும் ஒருசந்திதான். அவளிடம் இன்னும் ஒருவேளையைக் கேட்பதைவிட, அவளை ஒருவேளையோடு நிறுத்தியவனிடம் கணக்குக் கேட்பதே தக்க நோன்பு. ஏசாயா தீர்க்கதரிசியின் நூல் 58-ஆம் அதிகாரம் சொல்வதும் இதுவே: கட்டுண்டவரை விடுவித்து, பசித்தவரோடு உணவைப் பகிர்தலே கடவுள் விரும்பும் உபவாசம். திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளியன்று இப்பகுதியே பூசையில் வாசிக்கப்படுகிறது. வாசித்ததைக் கேட்டு வீடு திரும்பும் முதலாளி, அன்று மீன் குழம்பு உண்டதோடு நோன்பு முடிந்தது என்று எண்ணுவாராயின், தீர்க்கதரிசி வீணே தொண்டை வறண்டார்.

பங்கின் கடமை

நூலைப் பற்றிய ஆராய்ச்சி நூலோடு நிற்கலாகாது. தபசுகாலத்திலே மக்களைப் பேணும் பங்குகளின் முன் சில வினாக்களை வைக்கின்றோம்.

தீபகற்ப மலேசியாவிலே பெரிய வெள்ளி பொது விடுமுறை அன்று. சபாவிலும் சரவாக்கிலும் மட்டுமே அது விடுமுறை. பாடுகளின் வழிபாடு பிற்பகல் மூன்று மணிக்கு நடப்பது மரபு. தொழிற்சாலையிலே முறைவேலை பார்ப்பவரும், செம்பனைக் குலை அறுப்பவரும், கடையில் நிற்பவரும் அந்நேரத்தில் எங்ஙனம் வருவர்? விடுமுறை வேண்டிக் குரல் கொடுப்பது ஒருபுறம் இருக்க, பின்மாலையிலே அவர்களிடம் கோயில் செல்வதே மேய்ப்பனின் இலக்கணம். தோட்டத்து முதியவர் பலர் பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கின்றனர். அவர்கள் வீட்டு வாசலிலே ஒரு ஸ்தலத்தை நிறுத்தி நடத்தினால், சிலுவைப் பாதை பாதையாகவே ஆகிவிடும்.

குருவை மட்டும் நோக்கியிருப்பதும் போதாது. 1976-இல் தீபகற்ப மலேசியாவின் குருமார் ஒரு திங்கள் ஒருங்கே கூடியிருந்து திருச்சபையின் போக்கை ஆராய்ந்தனர். அதன்பின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபித்து ஒருவர் சுமையை ஒருவர் தாங்கும் சிறு சமூகங்களுக்கு முதன்மை தரப்பட்டது. தமிழகத்தார் இதனை அன்பியம் என்பர். பழைய உபதேசியாரின் தொண்டு புதிய பெயரோடு திரும்பி வந்ததாகவே இதனைக் கொள்ளலாம். இக்கூட்டங்களிலே தபசுகாலத்தில் செபத்தோடு, யார் வீட்டில் வேலை போயிற்று, யார் பிள்ளை படிப்பை விட்டது, எந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஓலை பெற்றது என்ற வினாக்களும் எழ வேண்டும்.

பெரிய வியாழனன்று நடக்கும் பாதம் கழுவும் சடங்கையும் எண்ணிப் பார்ப்போம். தமிழகத்தின் வடக்கன்குளத்திலே மேற்சாதியாருக்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம் அமையக் கோயிலையே இரு கவையாகக் கட்டினர். நடுவே நின்ற தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்து வழக்கும் நடந்தது. பாதம் கழுவிய ஆண்டவரின் இல்லத்திலேயே தீட்டு வேலியிட்ட வரலாறு நம்முடையது. 2013-இல் போப்பாண்டவர் பிரான்சிஸ் உரோமாபுரியின் இளையோர் சிறைக்குச் சென்று, பெண்களும் முஸ்லிம்களும் உள்ளிட்ட கைதிகளின் பாதங்களைக் கழுவினார். 2016-இல் அச்சடங்கிற்குப் பெண்களையும் தெரிந்தெடுக்கலாம் எனச் சட்டமே செய்தார். நம் கோயில்களில் அன்று நாற்காலியில் அமர்பவர் யாவர்? உண்டியலுக்கு மிகுதியாய் இட்டவரும் பங்குப் பேரவையில் இடம் பெற்றவருமா? கழிவறை கழுவும் பெண்ணும், வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம் முன்னோர் உழைத்த தோட்டங்களில் இன்று உழைப்பவரும் அந்நாற்காலியில் அமரும் நாளே, அச்சடங்கு பொருள் பெறும்.

கொன்சால்வெஸ் சுவாமியார் ஒன்பது பிரசங்கங்களை எழுதினார். அயல்மொழியாளர் ஒருவர், தடைசெய்யப்பட்ட சமயத்துக்காக, நம் பெண்களின் குரலைக் கேட்டுக் கற்று எழுதியது அது. அதனை எரிக்கவோ ஒளிக்கவோ நாம் சொல்லவில்லை. பழி சுமத்தும் சொற்கள் இருப்பின் நீக்கிப் படிக்கட்டும். பெண்களின் கையில் கொடுத்துப் படிக்கச் செய்யட்டும். ஒன்பதும் முடிந்து, சொரூபத்தைக் கல்லறையில் வைத்து, விளக்கைத் தணித்து மக்கள் வெளியேறும்போது, சொல்ல வேண்டிய ஒன்று எஞ்சி நிற்கிறது. அது தங்கள் பிள்ளைகளுக்காக அழும் பிரசங்கம். அழுத பின் வழக்குரைக்கும் பிரசங்கம். அதனை எந்தச் சுவாமியாரும் எழுதித்தர இயலாது. பெரட்டுக் களத்தையும் ஆயாக் கொட்டகையையும் லயத்துத் திண்ணையையும் அறிந்த நம் தாய்மார் பாட வேண்டிய பத்தாம் பிரசங்கம் அது. அதனைக் கேட்கச் செவியுள்ள பங்கே தபசுகாலத்தைக் கடந்து பாஸ்காவைக் காணும்.